மானியம் ஏறியிருக்கிறது, ஆனாலும் வேலை நேரத்தைக் குறைக்கிறோம்: இது என்ன கணக்கு?

துங்காபி_பொருளாளர்:

சமூக சேவைத் துறையில் வேலை செய்பவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் இங்கே கேட்கிறேன். மேற்கு சிட்னியில் ஒரு சிறிய சமூக மையத்தின் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. மையத்தின் பெயர் வேண்டாம். பிளேகுரூப், வாடகைப் பிரச்சினை, குடும்பத் தகராறு என்று வருகிறவர்களுக்கு ஒரு கேஸ் ஒர்க்கர், வயதானவர்களுக்கு வாரம் ஒரு மதியச் சாப்பாடு. இவ்வளவுதான் நாங்கள். பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் மாநில, மத்திய அரசு ஒப்பந்தங்களிலிருந்து வருகிறது.

இந்த ஆண்டு மானியத்துக்கு இண்டெக்சேஷன், அதாவது செலவு ஏறுவதற்கு ஏற்ற ஆண்டு உயர்வு, உண்டு என்று கடிதம் வந்தது. கமிட்டியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதே கூட்டத்தில் நான் வைத்த பட்ஜெட்டில் கேஸ் ஒர்க்கரை வாரம் ஐந்து நாளிலிருந்து நான்கு நாளாக்கச் சொல்லியிருந்தேன். "காசு கூடியிருக்கிறது என்கிறீர்கள், ஆளைக் குறைக்கிறேன் என்கிறீர்கள், என்ன கணக்கு இது?" என்று தலைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் தொகையைப் போடாமல் முழு எண்களில் ஒரு கணக்குச் சொல்கிறேன். மானியம் 6,00,000 டாலர் என்று வையுங்கள். அதில் சம்பளமும் சூப்பரும் (ஓய்வுகாலச் சேமிப்புக்கு நாங்கள் கட்டும் பங்கு) சேர்ந்து 4,80,000. 2023 ஜூலையில், சம்பளத்தைத் தீர்மானிக்கும் ஃபேர் ஒர்க் கமிஷன், அவார்டு சம்பளத்தை (ஒரு துறைக்கான சட்டபூர்வ குறைந்தபட்சச் சம்பளம்) 5.75 சதவீதம் கூட்டியது. அதே நாளில் சூப்பர் 10.5 சதவீதத்திலிருந்து 11 ஆனது. இரண்டும் சேர்ந்து சம்பளச் செலவு கிட்டத்தட்ட 30,000 டாலர் ஏறுகிறது. மானியத்துக்கு 3 சதவீதம் கூட்டித் தந்தார்கள் என்றால் வருவது 18,000. மீதி 12,000 எங்கிருந்து? இன்னும் வாடகை, இன்ஷூரன்ஸ், மின்சாரம், ஆடிட்டர் எதையும் நான் தொடவில்லை.

ஒரு வருடம் என்றால் சேமிப்பில் கைவைத்துச் சமாளிக்கலாம். ஆனால் 2022இல் 4.6, 2023இல் 5.75, 2024இல் 3.75, 2025 ஜூலையில் 3.5. சூப்பர் இந்த நான்கு ஆண்டுகளில் 10இலிருந்து 12 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் அதே ஆள், அதே வேலை, ஆனால் செலவு ஏறக்குறைய 21 சதவீதம் அதிகம். வருடத்துக்கு 2.5 சதவீதம் ஏறிய மானியம் இதே காலத்தில் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருக்கும். மற்ற இடங்களில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வரிகட்டுபவன்:

கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் கம்பெனியிலும் சம்பளம், வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஏறியது. எங்களுக்கு யாரும் இண்டெக்சேஷன் கடிதம் அனுப்பவில்லை. செலவைக் குறைத்தோம், சில வேலைகளை நிறுத்தினோம். அரசுப் பணத்தில் நடக்கும் அமைப்பு மட்டும் "எங்கள் செலவு ஏறிவிட்டது, கூட்டிக் கொடு" என்றால் அதற்கு எல்லை எங்கே?

பழைய_யூனியன்காரன்:

தம்பி, உங்கள் கம்பெனி விலையை ஏற்றலாம்தானே. அடி வாங்கிக்கொண்டு குழந்தையோடு ஓடி வருகிற பெண்ணிடம் இந்த ஜூலையிலிருந்து கட்டணம் 6 சதவீதம் அதிகம் எண்டு சொல்ல ஏலாது. விலையை நிர்ணயிப்பவரும் அரசு, வாங்குபவரும் அரசு. சம்பளத்தை நிர்ணயிப்பது கமிஷன். நடுவில் இருக்கிற அமைப்பின் கையில் மிஞ்சுவது ரோஸ்டர், அதாவது யாருக்கு எத்தனை மணி வேலை எண்ட பட்டியல், மட்டும்தான்.

புதிதாக வந்தவர்களுக்குப் பழைய கதை ஒன்று. 2010இல் ஏஎஸ்யு (ஆஸ்திரேலியன் சர்வீசஸ் யூனியன்) உட்பட யூனியன்கள் சம ஊதிய வழக்குப் போட்டோம். சமூக சேவை வேலை பெண்கள் வேலை என்பதாலேயே மலிவாக மதிக்கப்படுகிறது என்பதுதான் வாதம். 2012 பிப்ரவரி 1இல் தீர்ப்பு வந்தது. வேலை நிலையைப் பொறுத்து 19 முதல் 41 சதவீதம் உயர்வு, அதற்கு மேல் 4 சதவீத லோடிங், அதாவது கூடுதல் படி. 2012 டிசம்பரில் தொடங்கி 2020 டிசம்பர் வரை ஒன்பது தவணைகள். பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் தெருவில் நின்ற சனத்தில் பாதிப்பேர் தங்கள் அமைப்பு இதைத் தாங்குமா எண்டு பயந்துகொண்டுதான் நின்றார்கள். அப்போதைய பிரதமர் ஜூலியா கில்லார்டின் அரசு தன் பங்கைத் தருவோம் எண்டு சொல்லி, அதற்கென்றே சட்டம் போட்டுத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தது. அதனால்தான் அந்த உயர்வு ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் நடந்தது.

ஆகவே, முடியாது எண்டு ஒருவரும் சொல்லக் கூடாது. செய்து பார்த்த காரியம்தான்.

வென்ட்வர்த்வில்_மலர்:

இன்னொரு உதாரணம் இருக்கிறது அண்ணை, அதுவும் பக்கத்திலேயே. 2023 ஜூன் 30இல் முதியோர் பராமரிப்பு நேரடிப் பணியாளர்களுக்கு 15 சதவீதம் ஏறியதே, அதற்கு மத்திய அரசு நான்கு ஆண்டுகளுக்கு 11.3 பில்லியன் டாலர் ஒதுக்கியது.

நான் மாற்றுத்திறனாளிகள் பக்கம் சப்போர்ட் ஒர்க்கர். என் தோழி வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிறாள். இரண்டு பேரும் ஒரே ஷேட்ஸ் அவார்டுதான் (சமூக சேவை, வீட்டுப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளி சேவைக்கான சம்பள விதி), ஆனால் அந்த 15 சதவீதம் அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை. எனக்குப் பொறாமை இல்லை, அவள் முதுகு படும் பாட்டுக்கு அது கம்மி. ஆனால் அப்புறம் என்ன நடந்தது என்றால், எங்கள் இடத்தில் நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் அவர்களும் போகிறார்கள். இந்தச் செலவு யாருடைய இண்டெக்சேஷன் ஃபார்முலாவிலும் வராது.

கோப்புக்காரி:

பல வருடம் அரசுப் பக்கம் உட்கார்ந்து இந்த ஒப்பந்தங்களைப் பார்த்தவள். இப்போது அங்கே இல்லை, அதனால் எழுதலாம்.

முதலில், இண்டெக்சேஷன் என்பது உங்கள் செலவைப் பார்த்துப் போடுவது இல்லை. மத்திய மானியங்களுக்கு நிதித்துறை ஒரு குறியீடு வைத்திருக்கிறது. சம்பள உயர்வு கொஞ்சம், விலைவாசி கொஞ்சம் என்று கலந்த குறியீடு. விலைவாசி தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் பள்ளம் சிறியது, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2022 டிசம்பர் காலாண்டில் ஆண்டுப் பணவீக்கம் 7.8 சதவீதம் தொட்டபோதுதான் பல்லிளித்தது. அந்த அக்டோபர் பட்ஜெட்டில் சமூக அமைப்புகளுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 560 மில்லியன் டாலர் கூடுதலாக ஒதுக்கியது இதற்காகத்தான். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. குழாய் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாவது, நாட்காட்டி. 2025இல் கமிஷன் தீர்ப்பு ஜூன் 3. அமலுக்கு வந்தது ஜூலை 1. நான்கு வாரம். அதற்குள் துறை கணக்குப் போட்டு, கருவூலம் ஒப்புக்கொண்டு, அமைச்சர் கையெழுத்துப் போட்டு, உங்கள் ஒப்பந்தத்தில் திருத்தம் வருமா? வராது. ஜூலை முதல் சம்பள நாளிலேயே நீங்கள் புதிய ரேட் கொடுத்தாக வேண்டும். அரசுப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாமல் ஒரு பொருளாளர் ரோஸ்டர் போட வேண்டியிருக்கிறது. வருகிற தொகையைவிட, அது எவ்வளவு என்று எப்போது தெரிகிறது என்பதுதான் சிறிய அமைப்புகளைக் கொல்கிறது. மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் துங்காபிக்காரர் ஒரு காலியிடத்தை நிரப்பாமல் விட்டு நிதானமாகச் சமாளித்திருப்பார். ஆகஸ்டில் தெரிந்தால் ஆளைத்தான் குறைக்க வேண்டும்.

வரிகட்டுபவன்:

சரி, இது புரிகிறது. ஆனால் தீர்ப்பு எவ்வளவோ அவ்வளவையும் அரசு தானாகவே கொடுத்துவிடும் என்றால் யாருக்குச் சிக்கனமாக இருக்கத் தோன்றும்? என்டிஐஎஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டம்) செலவு எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா?

வென்ட்வர்த்வில்_மலர்:

என்டிஐஎஸ்ஸை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கே ஒவ்வொரு ஜூலையும் விலை வரம்பைத் திருத்தும்போது அவார்டு உயர்வையும் சூப்பரையும் உள்ளே போட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். வார நாள் பகல் நேர சாதாரண சப்போர்ட் மணிக்கு 67.56 டாலராக இருந்தது, 2025 ஜூலையில் 70.23. 3.95 சதவீதம். 3.5 சம்பளம், மீதி சூப்பர் அரை சதவீதம், சரியாக உட்காருகிறது. ஆனால் அதே திருத்தத்தில் பிசியோதெரபிக்கு 193.99இலிருந்து 183.99ஆகக் குறைத்தார்கள். ஆக, சம்பள உயர்வைக் கொடுத்துக்கொண்டே வேறு இடத்தில் கட்டுப்படுத்தவும் முடிகிறது. இரண்டையும் ஏன் ஒன்றாகக் குழப்புகிறீர்கள்?

டாண்டினாங்_தெற்கு:

மெல்பர்னிலிருந்து ஒரு சேதி. நியூ சவுத் வேல்ஸில் 2025 ஜூலை 1இலிருந்து உங்களுக்கும் போர்ட்டபிள் லாங் சர்வீஸ் லீவ் வந்துவிட்டதே, அதற்கு அமைப்பு கட்டும் லெவி சம்பளத்தில் 1.7 சதவீதம். பொருளாளர் அதைக் கணக்கில் சேர்த்தாரா? எங்களுக்கு 2019இலேயே வந்தது, இங்கே 1.65. பணியாளர்களுக்கு இது பெரிய நன்மை. வேலை மாறினாலும் சேவைக் காலம் கூடவே வரும். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து முடிந்து இடம் மாறுகிற நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் நீண்ட விடுப்பு என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஆனால் லெவியைக் கட்டுவது காலாண்டுக்கு ஒருமுறை, கையில் ரொக்கம் வேண்டும்.

துங்காபி_பொருளாளர்:

சேர்த்திருக்கிறேன். அதுவும் ஐந்து நாள் நாலானதற்கு ஒரு காரணம். சட்டத்தை எதிர்க்கவில்லை, நானே ஆதரித்துக் கையெழுத்துப் போட்டவன்.

ஹோம்புஷ்_கிச்சன்:

நீங்கள் எல்லோரும் சதவீதம் பேசுகிறீர்கள், நான் சாம்பார் பேசுகிறேன். எங்கள் முதியோர் குழுவுக்கு ஒரு பெரிய அமைப்பு மூலம் சிஎச்எஸ்பி (முதியோருக்கு வீட்டில் உதவும் மத்திய அரசுத் திட்டம்) பணத்தில் கொஞ்சம் வருகிறது. வியாழக்கிழமை ஹால், முப்பது நாற்பது பேர், சாப்பாடு, வர முடியாதவர்களுக்கு மினி பஸ். முன்பு சாதம், சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மோர், அப்பளம். இப்போது சாம்பார் சாதம், அப்பளம். மோர் மட்டும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஒரு பாட்டி கொடி பிடித்துவிடுவார். துவரம் பருப்பும் எண்ணெயும் மட்டும் இல்லை, ஹால் வாடகை ஏறிவிட்டது, பஸ் ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் ஏறிவிட்டது.

சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் தன்னார்வலர்கள். சம்பளம் வாங்குவது ஒருங்கிணைப்பாளர் ஒருவர்தான். அவருடைய மணி நேரத்தைக் குறைத்த பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? வீட்டுக்கு போன் போட்டு "இந்த வாரம் ஏன் வரவில்லை" என்று விசாரிக்கிற வேலை நின்றுவிட்டது. வெளியே பார்த்தால் குழு நடக்கிறது, அறிக்கையில் தலை எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. போனில்தான் பல விஷயம் தெரியவரும். மகன் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிறது, குளியலறையில் விழுந்தார், இதெல்லாம்.

கோப்புக்காரி:

இதைத்தான் அரசுப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. இலக்கு எண்ணிக்கை நிறைவேறியது என்று பச்சை விளக்குப் போட்டுவிடுவார்கள்.

வரிகட்டுபவன்:

ஹோம்புஷ், உங்கள் குழுவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, என் மாமியார் வருகிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். வென்ட்வர்த்வில்லிலிருந்து பிளாக்டவுன் வரை ஒரே மாதிரி வேலை செய்கிற சின்ன அமைப்புகள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர், ஒரு ஆடிட், ஒரு வெப்சைட், ஒரு கமிட்டி. இணைத்துவிட்டால் அந்தப் பணத்தில் எத்தனை கேஸ் ஒர்க்கர்?

பழைய_யூனியன்காரன்:

இணைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் பெயர்ப்பலகை மாறும். இரண்டாம் வருடம் தமிழ் பேசுகிற ஒர்க்கரின் பதவி "பன்முகப் பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர்" ஆகும், வாரம் இரண்டு நாள், வேறு சபர்பில். படகில் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் தற்காலிக விசாவில் இழுபட்ட குடும்பங்கள் பெரிய கட்டிடத்து ரிசப்ஷனில் போய் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்காது, தம்பி. தெரிந்த முகத்திடம்தான் வாய் திறக்கும்.

வரிகட்டுபவன்:

சேவையை இணைக்க வேண்டாம், பின்னறையை இணைக்கலாமே. சம்பளப் பட்டியல், கணக்கு, கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ்.

துங்காபி_பொருளாளர்:

அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து மையத்தோடு பேரோல் பகிர்வது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பின்னறையில் கொழுப்பு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சோஷியல் வென்ச்சர்ஸ் ஆஸ்திரேலியாவும் சென்டர் ஃபார் சோஷியல் இம்பாக்ட்டும் 2022இல் சில அமைப்புகளின் கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்த்தார்கள். நிர்வாகம், கம்ப்யூட்டர் போன்ற மறைமுகச் செலவு சராசரியாக மொத்தத்தில் 33 சதவீதம். மானியம் கொடுப்பவர்கள் அதற்கென்று ஒதுக்குவது வழக்கமாக 10 முதல் 20தான். மீதியை எல்லோரும் எங்கேயாவது ஒளித்து வைக்கிறார்கள், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறார்கள். எங்கள் சர்வர் ஒரு துடைப்ப அலமாரியில் இருக்கிறது. அதில் குடும்ப வன்முறை வழக்குகளின் குறிப்புகள் இருக்கின்றன. சிக்கனம் என்று யாராவது பாராட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பெண்டில்ஹில்_புதியவள்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கேஸ் ஒர்க்கராகச் சேர்ந்து ஆறு மாதம். "சம்பளம் கம்மி, ஆனால் சாலரி பேக்கேஜிங் இருக்கிறது" (சம்பளத்தில் ஒரு பகுதியை வருமான வரி இல்லாமல் செலவுக்கு எடுத்துக்கொள்வது) என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த 15,900 டாலர் வரம்பு எப்போது ஏறும்?

துங்காபி_பொருளாளர்:

நல்ல கேள்வி, மோசமான பதில். அது வரியையும் சேர்த்துக் கணக்கிடும் 30,000 டாலர் உச்சவரம்பிலிருந்து வருகிறது. இடையில் வரி விகிதத்துக்காகச் சிறிது காலம் ஆட்டினார்களே தவிர, 2001 ஏப்ரலிலிருந்து அதே 30,000தான். உணவு, விருந்துக்கென்று தனியாக 2,650 உண்டு, அதுவும் அசையவில்லை. உங்கள் வீட்டு வாடகை 2001இல் நிற்கிறதா என்று கேட்காதீர்கள். மானியத்துக்கு இண்டெக்சேஷன் கேட்கிறோம், இதற்கு யாரும் கேட்பதில்லை. அரசு கஜானாவிலிருந்து நேராகப் பணியாளர் கைக்குப் போகிற உதவி இது, அமைப்பின் பட்ஜெட்டைத் தொடாது. என்னைக் கேட்டால் அடுத்த பட்ஜெட் மனுவில் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

சிக்கனக்_கணபதி:

என் யோசனை: எல்லோரையும் கேஷுவலாகப் போட்டு, தேவைப்படும்போது ஒரு மணி நேரம் கூப்பிட்டால் போதாதா?

வென்ட்வர்த்வில்_மலர்:

போதாது. 2022 ஜூலையிலிருந்து எங்களைக் கூப்பிட்டால் குறைந்தது இரண்டு மணி நேரச் சம்பளம், சமூக மைய வேலைக்கு மூன்று மணி. இடைவெளி விட்டு ஷிஃப்ட் போட்டால் அதற்குத் தனிப்படி. இவை வருவதற்கு முன் பஸ் பிடித்துப் போய் அரை மணி வேலை செய்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோப்புக்காரி:

அதோடு, 2025 ஜனவரி 1இலிருந்து வேண்டுமென்றே குறைத்துச் சம்பளம் கொடுப்பது குற்றவியல் வழக்கு. கமிட்டிக்காரர்கள் மறக்க வேண்டாம்.

பொருளாளருக்கு நடைமுறை விஷயம் ஒன்று. ஒப்பந்தத்தில் கேஸ் எண்ணிக்கை இலக்கு இருக்கும். மானியம் உண்மை மதிப்பில் சுருங்கிவிட்டது, நீங்கள் ஆளின் நேரத்தைக் குறைத்துவிட்டீர்கள், ஆனால் இலக்கு அப்படியே நிற்கிறது, இல்லையா? அதை எழுத்தில் கேளுங்கள். "ஐந்து நாளுக்கு 100 குடும்பம் என்றால் நாலு நாளுக்கு 80" என்று ஒப்பந்தத் திருத்தம் கோருங்கள். பெரும்பாலான அமைப்புகள் கேட்பதே இல்லை. ஒர்க்கரை நாலு நாளில் நூறு குடும்பம் பார்க்கவைத்து, அவர் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவார். இலக்கைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் குவிந்தால்தான் மேலே உள்ளவர்களுக்குச் சேவை சுருங்குவது தெரியும். இல்லையென்றால் அவர்கள் அட்டவணையில் எல்லாம் சுகம்.

வரிகட்டுபவன்:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வரி கட்டுபவனுக்கும் இதுதான் நேர்மை. காசுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் ஓட்டில் தீர்மானிக்கிறோம். தானியங்கி உயர்வு பற்றி என் கருத்து மாறவில்லை.

பழைய_யூனியன்காரன்:

மாற வேண்டாம். ஆனால் 2025 ஏப்ரலில் ஃபேர் ஒர்க் கமிஷன் பெண்கள் அதிகமாக வேலை செய்கிற சில அவார்டுகளில் வேலை இன்னும் குறைத்து மதிக்கப்பட்டிருக்கிறது எண்டு சொல்லியிருக்கிறது, எங்கள் அவார்டும் அதில் உண்டு. வகைப்படுத்தலையே மாற்றலாம் எண்டு முதற்கட்டக் கருத்து. அது இறுதியாகும் அன்று இந்த இழையைத் திரும்பத் திறக்க வேண்டிவரும். சம்பளம் ஏறட்டும். அதற்குரிய காசும் அன்றே ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். 2012இல் கேட்டதும் இதுதான்.

துங்காபி_பொருளாளர்:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த செவ்வாய் கமிட்டியில் இரண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒன்று, கோப்புக்காரி சொன்ன இலக்குத் திருத்தக் கடிதம். இரண்டு, கேஸ் ஒர்க்கரின் ஐந்தாவது நாளை டிசம்பர் வரை சேமிப்பிலிருந்து கொடுத்து, பதில் வந்த பிறகு முடிவு. எங்கள் சேமிப்பு மூன்று மாதச் செலவுக்குக்கூட வராது, ஆடிட்டர் முறைப்பார், பார்த்துக்கொள்ளலாம்.

கோப்புக்காரி, கடிதத்தை யாருக்கு எழுதுவது? ஒப்பந்த மேலாளருக்கா, மாவட்ட அலுவலகத்துக்கா?

கோப்புக்காரி:

ஒப்பந்த மேலாளருக்கு எழுதுங்கள், மாவட்ட இயக்குநருக்கு நகல். மின்னஞ்சலில் போடுங்கள், போனில் பேச வேண்டாம். இந்த ஆண்டின் சம்பளக் கணக்கை ஒரு பக்கத்தில் இணையுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். எக்ஸெல் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

ஹோம்புஷ்_கிச்சன்:

எனக்கும் அனுப்புங்கள் அக்கா. பருப்புக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும்.